நகரியத்துப் பிள்ளைகளும் ரத்தம் பற்றிய நம்பிக்கையும்

"டவுன்ஷிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ரத்தத்திலேயே ஊறியது" என்று கடலூர் மாவட்டத்தில் சொல்லக் கேட்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய நகரியத்துக்கு வெளியே இருப்பவர்கள் இதை ஏக்கத்தோடு சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். இரு தரப்பும் நம்பும் இந்தக் கூற்றைப் பொய்யாக்கும் சான்றுகள் நெய்வேலியிலேயே கிடக்கின்றன. பரம்பரையா, சூழலா என்ற பழைய வழக்கை விசாரிக்க இதைவிடப் பொருத்தமான இடம் நம் மாநிலத்தில் அரிது.

காலவரிசையைப் பாருங்கள். 1953-இல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிகளின் பற்றாக்குறையைச் சமாளிக்கவே இது என்றது அரசு. குலக்கல்வி என்றார்கள் எதிர்த்தவர்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்எல்சி) பிறந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1961-இல் கரி கண்ணில் பட்டது; மறு ஆண்டு மின்சாரம் வந்தது. அங்கே தேவைப்பட்ட வேலை எதுவும் எந்தக் குலத்துக்கும் குலத்தொழில் அல்ல. சக்கர வாளி எந்திரத்தை ஓட்டுவது, கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்துத் தணிப்பது, கொதிகலனைக் கவனிப்பது என்று எல்லாமே யாருடைய பாட்டனும் செய்திராத வேலைகள். ஏர் பிடித்த கைகள் ஒரே தலைமுறையில் அவற்றைக் கற்றன. அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போனது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு மாறுவதில்லை. மாறியது சூழல்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நகரியத்துக்குள் வந்தவர்களே தேர்வாகி வந்த கெட்டிக்காரர்கள், அதனால்தான் பிள்ளைகளும் அப்படி என்பார்கள். வெளியூர்களிலிருந்து வந்த பொறியாளர்கள் விஷயத்தில் இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். நிலம் கொடுத்து வேலை பெற்றவர்களின் கதை வேறு. எந்த வயலுக்கடியில் கரி கிடந்ததோ அந்த வயலுக்காரர் பெயர்த்தெடுக்கப்பட்டார். புத்திசாலியா மந்தமானவரா என்று நிலத்தடிப் படுகை ஆள் பார்க்கவில்லை. அவர்களுக்குள்ளேயே ஒருவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. உடன்பிறந்தவர் ஒப்பந்தத் தொழிலாளியாகவே காலம் தள்ளினார். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஒரு வீட்டார் நகரியத்து வட்டத்துக்குள்ளும் மறு வீட்டார் வெளியே குப்பங்களிலுமாக வளர்ந்தார்கள். இப்படிப் பிரிந்த குடும்பங்கள் நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் அரிதல்ல. படிப்பிலும் பேச்சிலும் நம்பிக்கையிலும் அந்தப் பிள்ளைகளிடையே தெரியும் வித்தியாசத்துக்கு ரத்தத்தைக் காரணம் காட்ட வழியே இல்லை.

அப்படி என்னதான் இருந்தது உள்ளே? எண்ணிட்ட வட்டங்கள், மரங்கள் அடர்ந்த தெருக்கள், நடந்து போகும் தூரத்தில் பள்ளி, காசு எண்ணாமல் போகக்கூடிய மருத்துவமனை, விளையாட்டுத் திடல், மாதம் தவறாத சம்பளம், நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்திவரும் புத்தகக் கண்காட்சி. இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. ஊரும் சேரியும் தனித்தனியே கிடக்கும் மாவட்டத்தில், இங்கே வீடு பதவியையும் பணிமூப்பையும் பார்த்து ஒதுக்கப்பட்டது. எந்தச் சாதிக்காரர் பக்கத்து வீட்டில் இருக்கப்போகிறார் என்பதைக் குவார்ட்டர்ஸ் பட்டியல் தீர்மானித்தது. சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை. கல்யாணப் பேச்சு எழும்போது அது தலைகாட்டத்தான் செய்கிறது. ஆனால் ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்து, ஒரே திடலில் விளையாடி வளர்ந்த பிள்ளை மற்றவரைப் பார்க்கும் பார்வையில் நிச்சயம் ஒரு மாற்றம் இருந்தது. மனித நடத்தையில் சூழல் செய்யும் வேலை என்றால் மதிப்பெண்ணுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

அறிவியல் என்ன சொல்கிறது? பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று அது சொல்லவில்லை. இரட்டையர்களை வைத்து ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. மனிதர்களுக்கிடையே காணப்படும் வேறுபாடுகளில் சராசரியாக ஏறத்தாழ 49 விழுக்காடு மரபு சார்ந்தது என்றது அது. இந்த எண்ணைத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். ஒரு பிள்ளையின் அறிவில் பாதி அப்பா அம்மா கொடுத்தது என்று இதற்குப் பொருளில்லை. குறிப்பிட்ட மக்களிடையே, குறிப்பிட்ட சூழலில், ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தை மட்டுமே அது பேசுகிறது. சூழல் மாறினால் எண்ணும் மாறும். அமெரிக்காவில் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் ஏழு வயது இரட்டையர்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டியது. வறிய குடும்பங்களில் நுண்ணறிவு வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் குடும்பச் சூழலே காரணம். மரபின் பங்கு ஏறக்குறையச் சுழி. வசதியான குடும்பங்களில் நிலைமை தலைகீழ். ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் அப்படித் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நலத் திட்டங்களும் பள்ளிகளும் ஏழைக் குடும்பங்களையும் தாங்குவது அதற்கு ஒரு காரணமாக முன்வைக்கப்படுகிறது.

நன்றாக உரமிட்டு நீர் பாய்ச்சிய வயலில் பயிர்களின் உயர வேறுபாட்டுக்கு விதை காரணமாகலாம். பக்கத்தில் வறண்ட வயலில் பயிர் குட்டையாக நிற்பதற்கும் விதைதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நகரியத்தில் நடந்த மயக்கம் இதுவே. உள்ளே எல்லாருக்கும் பள்ளியும் மருத்துவமும் ஏறத்தாழச் சமமாகக் கிடைத்ததால், மிச்சமிருந்த வேறுபாடு பிறவிக் குணமாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாலேயே வேலிக்கு வெளியேயும் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நெய்வேலிக்கு அருகிலேயே ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 1993-இல் முதனை கிராமத்துக் குறவர் சமூகத்து ராஜாகண்ணு, திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி பார்வதி விடாமல் போராடினார், வழக்கறிஞர் சந்துரு வழக்கை நடத்தினார், காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021-இல் வந்த 'ஜெய் பீம்' படத்தின் கரு இது. இந்தக் கொடுமையின் வேர் 1871-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தில் இருக்கிறது. குற்றம் செய்யும் குணம் பிறப்பால் வருவது என்ற எண்ணத்தைச் சட்டமாக்கியவர்கள் வெள்ளையர்கள். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் பரவி, குறவர்கள், கள்ளர்கள் உள்ளிட்ட பல சமூகங்களின் மேல் விழுந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்க 1952 ஆயிற்று. ஏட்டிலிருந்து நீங்கி நாற்பது ஆண்டுகள் கழித்தும், திருட்டு என்றதும் இன்ன சாதிக்காரனைத் தேடிப் போகும் பழக்கம் காவல் நிலையத்தில் உயிரோடு இருந்தது. "படிப்பு ரத்தத்தில் ஊறியது" என்று ஒரு கூட்டத்தைப் பாராட்டும் வாய்க்கு, "களவு ரத்தத்தில் ஊறியது" என்று இன்னொரு கூட்டத்தைச் சொல்லவும் வழி திறந்தே இருக்கிறது.

நகரியத்தைக் குறையே இல்லாத ஏற்பாடாக நான் காட்டவில்லை. சாதியைக் கேட்காத குவார்ட்டர்ஸ் பட்டியல் பதவியைக் கேட்டது. வீட்டின் அளவைப் பார்த்தே அப்பாவின் கிரேடைச் சொல்லிவிடும் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அத்தனை வசதியும் சம்பளச் சீட்டோடு கட்டப்பட்ட சலுகை, குடிமகனின் உரிமை ஆகவில்லை. ஊரை நடத்தியது நிறுவனத்தின் நகர நிர்வாகம். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றம் இல்லை. விளக்கு எரியாவிட்டால் நிறுவனத்துக்கு மனுக் கொடுக்கும் பழக்கம் வந்தது. ஊர் நம்முடையது என்று கூடி முடிவெடுக்கும் பழக்கம் வளரவில்லை. இதுவும் சூழல் உண்டாக்கிய நடத்தைதான். பெருங்குறை, எல்லைக்கோடு. அதே சுரங்கத்தில் அதே புழுதியைச் சுவாசிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிகள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். 2022-இல் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பட்டதாரிப் பயிற்சி அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் வந்தபோது, அதில் தமிழ்நாட்டவர் மிகக் குறைவு என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. திறமைக்குத்தான் இடம் என்ற வாதம் நியாயமாகத் தோன்றும். அந்தத் திறமை விளைவதற்கான பள்ளியையும் பயிற்சியையும் நிலம் கொடுத்தவன் மகனுக்குத் தராமல், முடிவில் மட்டும் ஒரே அளவுகோலை நீட்டுவது நியாயமாகாது.

சூழலே எல்லாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல பள்ளியும் கோச்சிங்கும் கொடுத்துவிட்டால் எந்தப் பிள்ளையையும் ஐஐடிக்கு அனுப்பிவிடலாம் என்று நம்பும் பெற்றோர், அது நடக்காதபோது பிள்ளையைச் சோம்பேறி என்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் சிலருக்கு இருக்கும் இடர், கூச்ச சுபாவம், சட்டென்று கலங்கும் மனம் ஆகியவற்றில் மரபுக்குக் கணிசமான பங்கு உண்டு. அதை அறிந்த பெற்றோர் பிள்ளையை அடிக்க மாட்டார்கள். அவனுக்கேற்ற வழி தேடுவார்கள். பரம்பரை பற்றிய அறிவால் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் நன்மை இது. ஒரு தனிப் பிள்ளையைப் புரிந்துகொள்ள அது உதவும். ஒரு சாதியையோ ஊரையோ எடைபோட அதை எடுத்தால் தீங்கே விளையும்.

சுரங்கம் இன்னும் விரிகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. இழப்பீட்டுப் பேச்சில் ஏக்கருக்கு எத்தனை லட்சம் என்பதும், வீட்டுக்கு ஒரு வேலை உண்டா என்பதுமே பேசப்படுகின்றன. இரண்டும் வேண்டியவைதான். அவற்றோடு, நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கும் நிரந்தர ஊழியரின் பிள்ளைகளுக்கு உள்ள அதே பள்ளி, அதே மருத்துவமனை, அதே திடல் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும். ஒரு தலைமுறையில் ஒரு கூட்டத்தை உயர்த்த எது தேவை என்பது என்எல்சி நிறுவனத்துக்குத் தெரியாததல்ல. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வேலிக்குள் அதைச் செய்து காட்டியது அந்த நிறுவனம்தான்.