கடலில் ஓர் உயிர், கரையில் இரண்டு கணக்கு

மாமல்லபுரம் கடலில் கால் நனைக்க இறங்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பையன் அலையில் சிக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 108-க்குப் போன் போடுவார், இன்னொருவர் 101-க்கு. போன் வராமலே குதிக்கிறவர் பக்கத்துக் குப்பத்து மீனவர். அப்புறம்தான் அரசாங்கம் வரும், இரண்டு வண்டிகளில்.

சிவப்பு வண்டி தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையுடையது. அதற்கு எஜமானர் உள்துறை. ஆம்புலன்ஸுக்கு எஜமானர் மக்கள் நல்வாழ்வுத் துறை. ஆனால் ஓட்டுவது அரசாங்கமில்லை. தமிழ்நாட்டில் 108 தொடங்கிய 2008 செப்டம்பரிலிருந்தே செலவு அரசுக்கு, நிர்வாகம் இ.எம்.ஆர்.ஐ. என்ற நிறுவனத்துக்கு. அதன் பின்னால் இருந்த சத்யம் ராமலிங்க ராஜு 2009 ஜனவரியில் கணக்கு மோசடியில் மாட்டியபோதும், ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றபோதும் வண்டி நிற்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். இன்று 1,300-க்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன.

பிரச்னை வண்டியில் இல்லை. கணக்கெழுதும் முறையில் இருக்கிறது.

அழைப்பு வந்த எத்தனையாவது நிமிஷத்தில் வண்டி சேர்ந்தது என்பதுதான் ஆம்புலன்ஸின் மார்க் ஷீட். சீக்கிரமே வந்து மணலில் நின்றுவிட்டால் நூற்றுக்கு நூறு. பையன் இன்னும் கடலில்தான் இருக்கிறான்! தேட வேண்டியது தீயணைப்பு வீரர். அவர் தூக்கி வந்து கரையில் போட்டால் ‘மீட்பு’ என்று அவர் நோட்டில் ஒரு வரி ஏறும். இரண்டு துறையும் சட்டசபையில் தனித்தனியாகக் கொள்கைக் குறிப்பு வைக்கும். இரண்டும் பாஸ். பையன்?

பிராணவாயு இல்லாமல் நாலைந்து நிமிஷம் போனாலே மூளை கெட ஆரம்பிக்கும். கரைக்கு வந்த அந்த நொடியிலேயே வாயில் ஊதி, நெஞ்சை அழுத்த ஒரு கை வேண்டும். அது எந்த யூனிஃபார்மின் கை என்பதா முக்கியம்? அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சுமார் 30 கிலோமீட்டர். மணலில் விட்ட நிமிஷத்தை அந்த ரோட்டில் பிடிக்க முடியாது.

ஜப்பானில் 119 என்ற ஒரே எண்தான். ஆம்புலன்ஸே தீயணைப்புத் துறையுடையது. அமெரிக்காவின் பல ஊர்களில் மாரடைப்பு என்றால்கூட பக்கத்து ஸ்டேஷன் தீயணைப்பு வண்டியும் கிளம்பும். யார் அருகில் இருக்கிறாரோ அவர் முதலில் போகட்டும் என்ற கணக்கு.

நமக்கு அந்த அளவு மாற்றம்கூட வேண்டாம். தமிழ்நாட்டில் 350-க்கும் அதிகமான தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. நீரில் மூழ்கியவர், நொறுங்கிய காருக்குள் மாட்டியவர் என்று அழைப்பு வந்தால் கேள்வி கேட்காமல் இரண்டு வண்டியும் சேர்ந்து கிளம்ப வேண்டும். தீயணைப்பு வீரருக்கும் குப்பத்து மீனவருக்கும் வருஷா வருஷம் முதலுதவிப் பயிற்சி வேண்டும். 108 ஒப்பந்தத்திலும் உள்துறை நோட்டிலும் ஒரே புதுக் கட்டம் போட வேண்டும்: ‘அழைப்பு வந்ததிலிருந்து முதல் சிகிச்சை வரை எத்தனை நிமிஷம்?’

தாய்க் கம்பெனிக்கும் கிளைக் கம்பெனிகளுக்கும் சேர்த்து ஒரே ஐந்தொகை போடு என்று வியாபாரிக்குச் சட்டம் போட்ட அரசாங்கம், தன் இரண்டு துறைகளுக்கு அதைப் போட்டால் குறைந்தா போய்விடும்?