முகமூடியும் பெயரும்

பக்கத்து வீட்டு நண்பரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். சென்ற மாதம் ஒரு நாள், தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். "மாமா, எப்போது பார்த்தாலும் நாவல் நாவல் என்கிறீர்களே; இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். இதில் ஒரு வரிகூடக் கற்பனை கிடையாது" என்றான். நாவலாசிரியனிடம் இப்படிச் சொல்வது, சமையற்காரரிடம் போய், 'இந்தப் பழத்தைத் தின்று பாரும்; இதை யாரும் சமைக்கவில்லை' என்று சொல்வது போலத்தான். ஆனாலும் பையன்மேல் கோபம் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டே இரவில் படித்தும் முடித்தேன்.

புத்தகத்தின் பெயர் 'பிராவோ டூ ஜீரோ'. எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் விசேஷப் படையைச் சேர்ந்த ஒரு வீரர், ஆண்டி மக்நாப் என்ற புனைபெயரில் 1993-ல் வெளியிட்டது. பல மொழிகளில் இலட்சக்கணக்கில் விற்றது. இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு இத்தனை பெரிய வாசகர் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1980 ஏப்ரல் 30-ஆம் தேதி, லண்டனிலிருந்த ஈரான் தூதரகத்துக்குள் ஆயுதம் தாங்கிய ஆறு பேர் புகுந்து, இருபத்தாறு பேரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தார்கள். ஆறாம் நாள், மே 5-ஆம் தேதி, ஒரு கைதியைக் கொன்று உடலை வெளியே போட்டார்கள். அன்று மாலை எஸ்.ஏ.எஸ். வீரர்கள் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, ஜன்னல்களைத் தகர்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். பதினேழு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. புகுந்தவர்களில் ஐந்து பேர் மாண்டார்கள், ஒருவன் பிடிபட்டான். கைதிகளில் ஒருவர் அந்த அமளியில் உயிரிழந்தார், மற்றவர்கள் மீண்டார்கள். பி.பி.சி. உலக ஸ்நூக்கர் இறுதிப் போட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு இதைக் காட்டியது. வீட்டில் உட்கார்ந்து பந்து உருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் திடீரென்று புகையும் தீயும். கறுப்பு உடையும் முகமூடியும் அணிந்த மனிதர்கள்.

முகம் தெரியாத வீரனைப் பார்த்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. நானாக இருந்தாலும் வரும். அன்று கயிற்றில் இறங்கிய ஒருவர் நடுவில் சிக்கிக்கொண்டு தொங்கினார். ஜன்னல் வழியே எழுந்த தீ அவர் கால்களைச் சுட்டது. அந்தப் பதினேழு நிமிஷத்தில் என் மனத்தை விட்டு அகலாத காட்சி இதுதான். மற்றவை எல்லாம் பயிற்சி. இங்கேதான் முகமூடிக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்று தெரிகிறது. போர் அனுபவம் பேசும் எந்தப் புத்தகத்திலும் நான் தேடுவது இந்த இடத்தைத்தான். காரியம் பிசகிய இடத்தை எழுதுகிறவர் எப்படிச் சொல்கிறார்? பிசகை யார்மேல் வைக்கிறார்?

மக்நாப் புத்தகத்தின் விஷயமே பிசகுதான். 1991 வளைகுடா யுத்தத்தின்போது, ஜனவரி 22-ஆம் தேதி இரவு, எட்டுப் பேரை ஹெலிகாப்டர் இராக்கின் பாலைவனத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. சாலையைக் கண்காணிக்க வேண்டும். ஸ்கட் ஏவுகணைகளுக்குப் பயன்படும் செய்திக் கம்பிகளை அறுக்க வேண்டும். வண்டி கிடையாது. ஒவ்வொருவர் முதுகிலும் ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. அவர்களுக்குக் கொடுத்த ரேடியோ அலைவரிசை தவறு. கூப்பிட்டால் பதில் இல்லை. பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்துப் போனவர்களைப் பனியும் உறைகாற்றும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு நாளுக்குள் உள்ளூர்வாசிகள் கண்ணில் பட்டுவிடுகிறார்கள். சிரியா எல்லையை நோக்கி ஓட்டம். முடிவில் மூவர் சாவு, நால்வர் சிறை, ஒருவர் மட்டும் தப்பினார்.

மக்நாப் எழுதத் தெரிந்தவர். அலங்காரம் கிடையாது. சிப்பாயின் பேச்சு, கேலி, சாமான்களின் கணக்கு, பசி, நடுக்கம் எல்லாம் இருக்கின்றன. ஈரத் துணியோடு பள்ளத்தில் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கும் வீரர்களைப் படிக்கும்போது எனக்கும் போர்வை தேவைப்பட்டது. ஆனால் துப்பாக்கிகள் வெடிக்க ஆரம்பித்ததும் நடை மாறிவிடுகிறது. கவச வண்டிகள் வருகின்றன. எதிரிகள் கூட்டங்கூட்டமாக விழுகிறார்கள். பள்ளத்தில் படுத்திருந்தபோது மனிதர்களாக இருந்தவர்கள், இங்கே திரைப்படத்தில் வருகிறவர்களாகிவிடுகிறார்கள்.

தப்பிய ஒருவர், கிறிஸ் ரயன் என்ற புனைபெயரில், 1995-ல் தம் கதையை எழுதினார். 'தப்பிப் பிழைத்தவன்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், ஒரு வாரத்துக்கு மேல், பெரும்பாலும் தன்னந்தனியாக நடந்து அவர் சிரியா போய்ச் சேர்ந்தார். அந்த நடையை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. பாதம் புண்ணாகி, தண்ணீருக்குத் தவித்து, இரவில் நடந்து பகலில் ஒளிந்து அவர் போகும் பக்கங்கள் மக்நாப் எழுதியவற்றைவிட உயர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். தனி மனிதனைப் பற்றி எழுதும்போது வீரம் பேச இடம் குறைந்துபோகிறது. அது இலக்கியத்துக்கு நல்லது.

ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு முள் இருக்கிறது. இறந்த மூவரில் ஒருவர் ஸார்ஜண்ட் வின்ஸ் பிலிப்ஸ். கூட்டம் இருட்டில் இரண்டாகப் பிரிந்தபோது ரயனோடு வந்தவர். பனிப்புயலில் பின்தங்கி, குளிரில் விறைத்து மாண்டவர். ரயன் இவரை எப்படிக் காட்டுகிறார்? ஆரம்பத்திலிருந்தே இந்தக் காரியத்தில் மனம் ஒட்டாதவராக. கூட்டம் பிறர் கண்ணில் பட்டதற்கே காரணம் இவர்தானோ என்று வாசகன் நினைக்கும்படியாக. 1996-ல் வந்த தொலைக்காட்சிப் படமும் இதே பாதையில் போயிற்று. பிலிப்ஸின் குடும்பத்தார் மனம் நொந்தார்கள்.

பிறகு மறுப்புகள் வந்தன. படையில் மூத்த பதவி வகித்த பீட்டர் ராட்க்ளிஃப் 2000-ல் தம் புத்தகத்தை வெளியிட்டு, இரண்டு நூல்களிலும் உள்ள பல விஷயங்களை மறுத்தார். அதே படையில் ஒரு காலத்தில் இருந்தவரும், அரபு மொழி தெரிந்த பாலைவனப் பிரயாணியுமான மைக்கேல் ஆஷர், 2001-ல் இராக்குக்கே போய் அவர்கள் நடந்த வழியில் நடந்தார். பதுங்கிய இடத்துக்கு அருகே வசித்த பெதூயின் குடும்பத்தாரைக் கண்டு பேசினார். கவச வண்டிகளும் இல்லை, பெரும்படையும் இல்லை. புல்டோஸர் ஓட்டி வந்தவர் கண்டார், வீட்டு ஆட்கள் சிலர் துப்பாக்கி எடுத்து வந்தார்கள், அவ்வளவுதான் என்பது அவர்கள் சொன்ன கதை. பிலிப்ஸ்மேல் சுமத்திய பழி நியாயமில்லை என்று ஆஷர் 2002-ல் எழுதினார்.

ஆஷர் கேட்டது சதாம் உசேன் ஆட்சியில் வாழ்ந்தவர்களின் வாக்குமூலம் என்பதையும் மறக்கக் கூடாது. பத்து வருஷம் கழித்துச் சொல்லும் கதை யார் வாயிலும் கொஞ்சம் வளரும், கொஞ்சம் சுருங்கும். எதிரிகள் எத்தனை பேர் என்ற விஷயத்தில் எனக்கு அதிகக் கோபம் இல்லை. இருட்டில், குளிரில், உயிர்ப்பயத்தில் மூன்று துப்பாக்கி முப்பதாகக் கேட்டிருக்கலாம். அது பயத்தின் கணக்கு, மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. உயிரோடு வந்தவர்கள் புனைபெயரில் எழுதினார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செத்தவருக்கு மட்டும் சொந்தப் பெயர். எழுதியவருக்கு முகமூடி உண்டு, எழுதப்பட்டவருக்கு இல்லை. அவர் மனைவி மக்கள் கடைத்தெருவுக்கு அந்தப் பெயரோடுதான் போக வேண்டும். பதில் சொல்ல அவரோ இல்லை.

இந்தக் குற்றத்தைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், நானும் அதைச் செய்திருக்கிறேன் என்பதுதான் யோக்கியதை. என் முதல் நாவலில் வெள்ளம் வரும் அத்தியாயம் ஒன்று உண்டு. கதைக்கு ஓடிப்போகிற ஒருவன் தேவைப்பட்டான். எங்கள் ஊரில் சில வருஷம் முன்பு காலமான ஒருவரை எடுத்துக்கொண்டேன். பெயரை மாற்றினேன், அவருடைய இருமலையும், வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் நடையையும் மாற்றவில்லை. புத்தகம் வந்த மூன்றாம் மாதம் அவர் மனைவி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, அவர் குடித்தார் என்று எழுதியிருந்தால்கூட நான் வந்திருக்க மாட்டேன். குடித்தார். ஆனால் ஓடிப்போனார் என்று எழுதிவிட்டாயே. அவர் எங்கே ஓடினார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கதை என்றேன். அது பதில் அல்ல என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

கதைக்குப் பலவீனன் ஒருவன் வேண்டியிருக்கிறது. அவன் இல்லாமல் மற்றவர்களின் பலம் தெரிவதில்லை. நாவலாசிரியன் அவனைச் சிருஷ்டி செய்துகொள்ளலாம், அதற்குத்தான் கற்பனை. 'ஒரு வரிகூடக் கற்பனை இல்லை' என்று சொல்லிக்கொண்டு எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய பலவீனன் ஒருவன்தான்: அவரே. நல்ல போர் அனுபவ நூல் எது என்று கேட்டால் இதைத்தான் அளவுகோலாகச் சொல்வேன். தம் நடுக்கத்தை எழுதுகிற இடங்களில் மக்நாபும் ரயனும் நல்ல எழுத்தாளர்கள். பிறர் நடுக்கத்தை எழுதுகிற இடங்களில் வெறும் சாட்சிகள்; அதுவும் குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சிகள்.

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மக்நாபைப் படியுங்கள், ரயனையும் படியுங்கள். ஆனால் ஆஷரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பையனிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இதைத்தான் சொன்னேன். "அப்படியானால் யார் சொல்வது நிஜம், மாமா?" என்றான். மூன்று பேர் செத்தது நிஜம். மற்றதற்கு விசாரிக்க வேண்டும் என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை.

என் நாவல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த இருமலையும் நடையையும் எடுத்துவிட்டேன். ஓடுகிறவன் இப்போது யாருமில்லாத ஒருவன். அந்த அம்மாள் அதற்குள் காலமாகிவிட்டார்.