கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலை: காக்கப்பட்ட கல்லும் காக்கப்படாத வேகமும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு மலைத்தொடரை அறுத்துச் செல்லும் பள்ளத்தாக்கின் தென்கரையில் 1913க்கும் 1922க்கும் இடையே அமைக்கப்பட்ட நெடுஞ்சாலை, இயற்கைக் காட்சியைக் காட்டுவதையே நோக்கமாகக் கொண்டு அந்நாட்டில் எழுந்த தொடக்ககால மோட்டார் சாலைகளுள் தலையாயது. அதை வடிவமைத்த பொறியாளர் சாமுவேல் லங்காஸ்டர், நூறடி தூரத்திற்கு ஐந்தடிக்கு மேல் சாலை ஏறக்கூடாது என்ற வரம்பை வகுத்துக்கொண்டார். ஆற்றுக்கு மேல் 733 அடி உயரத்தில் நிற்கும் கிரவுன் பாயிண்ட் பாறையிலிருந்து லட்டோரெல் அருவியை நோக்கி இறங்கும் பகுதியில், அந்த வரம்பு மீறப்படாதபடி சாலை தன்னையே சுற்றிச் சுருள்சுருளாக இறங்குகிறது. அதனால் பயணிக்கு ஒரே பள்ளத்தாக்கு வெவ்வேறு கோணங்களில் காட்சி தருகிறது. தேவையே அழகாகும் இந்த நுட்பம்தான் இச்சாலையின் உயிர்.

1950களில் ஆற்றோரமாக விரைவுச்சாலை வந்ததும் பழைய சாலை துண்டுதுண்டாகக் கைவிடப்பட்டது. மோசியர் இரட்டைச் சுரங்கவழிகள் கற்குவியலால் அடைக்கப்பட்டன. ஆற்றை நோக்கி ஐந்து சாளரங்கள் குடையப்பட்டிருந்த மிட்செல் பாயிண்ட் சுரங்கவழி 1966இல் தகர்க்கப்பட்டது. பள்ளத்தாக்கைக் காக்க 1986இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டமும், அடுத்த ஆண்டு மாநிலம் இயற்றிய சட்டமும், கைவிடப்பட்ட துண்டுகளை மீட்டு, மோட்டார் வண்டிகள் நுழையாத பாதையாக இணைக்க வழிவகுத்தன.

மோட்டாருக்காகப் பிறந்த சாலையை நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் கொடுப்பது அதன் வரலாற்றைத் திரிப்பதாகும் என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் லங்காஸ்டரின் வளைவுகள் அன்றைய வண்டிகளின் மெதுவான ஓட்டத்தை எண்ணி வரையப்பட்டவை என்பதால், இன்றைய காரைவிட மிதிவண்டியே அவற்றின் அளவுக்கு நெருங்கியது. 2000இல் மீண்டும் திறக்கப்பட்ட மோசியர் சுரங்கவழியில், 1921 நவம்பரில் பனியில் சிக்கிய பயணிகள் பாறையில் செதுக்கிய எழுத்துகளை நின்று படிக்க முடிகிறது. காரில் கடப்பவர் கண்ணுக்கு அவை தட்டுப்பட்டிருக்காது.

உண்மையான குறை மேற்குப் பகுதியில், கார்கள் இன்னும் ஓடும் அருவித் தடத்தில் இருக்கிறது. அங்கே கல்மதில்களும் பாலங்களும் கருத்தோடு பேணப்படுகின்றன. ஆனால் கோடையில் மல்ட்னோமா அருவியை ஒட்டி வண்டிகள் வரிசைகட்டி நிற்க, பார்க்கவேண்டிய காட்சியை வண்டிகளே மறைக்கின்றன. கல்லைக் காத்தவர்கள், அந்தக் கல்லுக்கு உரிய வேகத்தையும் அமைதியையும் அதே உறுதியோடு காக்கவில்லை. நெரிசலைக் குறைக்க நேரம் குறித்த அனுமதிச்சீட்டு முறை மிகத் தாமதமாகவே முயன்று பார்க்கப்பட்டது.

மிட்செல் பாயிண்டில் 2025இல் திறக்கப்பட்ட புதிய சுரங்கவழிக்கும் ஐந்து சாளரங்கள் உண்டு. அதைப் பழையதன் மீட்பு என்று கொண்டாடுவது பொருந்தாது. பழைய சுரங்கவழி குடையப்பட்ட பாறையே இன்று இல்லை. அறுந்துபோன தடத்தை இணைக்கும் புதுப் படைப்பு என்று அங்கேயே ஒரு பலகை தெளிவாகச் சொன்னால், 1966இல் அழிக்கப்பட்டது எது என்பதும் வருவோருக்கு விளங்கும்.