ஒரு சிறுவனின் சம்மதம்

எமது கலைவிழாக்களில் பிள்ளைகளின் இசைநாடகம் என்றாலே வாடகை உடுப்பு, புகை, பதிவுசெய்த இசை. பிறகு பணமில்லை என்ற புலம்பல். பிறெக்டும் குர்த் வைலும் பாடசாலைகளுக்கென ஆக்கி, 1930இல் பேர்லினில் மாணவரே மேடையேற்றிய 'ஆமென்பவன்' இவர்களுக்கு நல்ல பதில். சிறுவன், தாய், ஆசிரியர், மூன்று மாணவர்கள், ஒரு பாடகர் குழு. சில வாத்தியங்களை விட்டுவிடவும் வைல் இடமளித்திருந்தார்.

ஆனால் என் அக்கறை சிக்கனம் பற்றியதல்ல. மலைப்பயணத்தில் நோயுற்ற சிறுவன், வழக்கப்படி, தன்னைப் பள்ளத்தாக்கில் எறியச் சம்மதிக்கிறான். இசையின் அழகு அந்தச் சம்மதத்தையும் இனிப்பாக்கிவிடுகிறது. எனக்கு அது அச்சமூட்டுகிறது. பேர்லின் கார்ல் மார்க்ஸ் பாடசாலைப் பிள்ளைகள் இதை விவாதித்தார்கள், ஆட்சேபித்தார்கள். பிறெக்ட் பிரதியைத் திருத்தியதோடு, மறுக்கும் சிறுவனைக் கொண்ட 'இல்லையென்பவன்' நாடகத்தையும் எழுதினார். அதற்கு வைல் இசையமைக்கவில்லை. அவரது இசையில் சம்மதம் பாட்டு, மறுப்பு வெறும் பேச்சு!

தியாகத்தைப் பாடிப்பாடியே பிள்ளைகளை வளர்த்த எமக்கு இந்த இடைவெளி புரியும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறோம். சொல்லும் வசனத்தை நீ ஏற்கிறாயா என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்தே மேடையேற்றவேண்டும் என்பது பிறெக்டின் விருப்பம். அதே ஆறு பேர் போதும். நடுவில் பிள்ளைகளைப் பேசவிடுவோம், பெற்றோர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.