பிட்எக்ஸ் 40: பலகை தயார், ஒலி நம் கையில்

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த முதல் பிட்எக்ஸ் ஹாம் ரேடியோ செட்டில் காயில் சுற்றக் குழாய் வாஷரே போதுமாக இருந்தது. 2016-ல் விற்பனைக்கு வந்த பிட்எக்ஸ் 40 அவ்வளவு வேலை வைப்பதில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் பேசவும் கேட்கவும் வேண்டிய சுற்று முழுவதையும் ஒரே பலகையில் இயந்திரம் பொருத்தித் தந்துவிடுகிறது. மைக், ஸ்பீக்கர், வால்யூம், ஆன்டெனா, 12 வோல்ட் போன்ற வெளி ஒயர்கள் மட்டும் நம் பங்கு. பற்றவைக்க அதிகமில்லைதான், ஆனால் செட்டின் ஒலி கெடுவதும் தேறுவதும் அந்த ஒயர்களில்தான்.

60/40 ஈயக் கம்பி பரவலாகப் புழங்குகிறது. என் ஓட்டு 63/37-க்கு. அது 183 டிகிரியில் சட்டென்று உறைந்துவிடும். 60/40 சில டிகிரிகளுக்குக் குழம்பாக நின்று உறைவதால், அதற்குள் ஒயர் அசைந்தால் டிரை சால்டர்தான், அதாவது சரியாகப் பிடிக்காத இணைப்பு. வால்யூம் கன்ட்ரோலின் காதுகளுக்கு 25 வாட் அயர்ன் தாராளம். ஆன்டெனாவுக்கான பிஎன்சி சாக்கெட்டின் உடலோ சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே 60 வாட் இல்லாமல் ஈயம் உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிரப் பிடிக்காது.

டிரை சால்டரைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். எவ்வளவு திருகியும் சத்தம் குறையவில்லையா? வால்யூமின் கிரவுண்டு காதைப் பாருங்கள். அது விட்டுப்போனால் சிக்னல் குறையாமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். நிலையங்கள் மறைந்து வெறும் இரைச்சல் மிஞ்சினால் நடுக்காதைச் சந்தேகிக்கலாம். பளபளப்பை மட்டும் நம்பாதீர்கள்: ஈயமில்லாத சால்டர் நன்றாகப் பிடித்தாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

ஒலிக்குப் பொறுப்பு எல்எம்386 என்ற ஆம்ப்ளிஃபயர் சிப். தனியாக விட்டால் அதன் பெருக்கம் 20. 1, 8 ஆம் கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 200. பெருக்கம் ஏறினால் இரைச்சலும் ஏறும். ஆகவே பெருக்கத்தை ஏற்றுவதைவிட ஸ்பீக்கரை மாற்றுவது மேல். லேப்டாப்பிலிருந்து கழற்றிய குட்டி ஸ்பீக்கரில் தகரமாக ஒலித்த குரல், மரப்பெட்டியில் வைத்த 4 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கரில் மனிதக் குரலானது. ஒலியைத் தானாகச் சமன்படுத்தும் ஏஜிசி கிடையாது என்பதால் பக்கத்து ஊர் நிலையம் பேச ஆரம்பித்தால் காது கிழியும். ஹெட்ஃபோன் போடுகிறவர்கள் இரண்டு டயோடுகளை எதிரெதிர்த் திசையில் அதன் குறுக்கே பற்றவைத்துக்கொள்ளலாம். உச்சம் வெட்டுப்படும், கொஞ்சம் கரகரப்பு வரும், பரவாயில்லை.

மைக்குக்கு உறையுள்ள ஒயரே போடுங்கள். உறையைப் பலகைப் பக்கம் மட்டும் இணைத்தால் போதும். மைக் கெயின் குமிழ் இல்லை. கத்தினால் செட்டின் 7 வாட் சக்தி 8 ஆகாது. குரல் பக்கத்து அலைவரிசைக்குச் சிந்தும். நாலு விரற்கடை தள்ளி இயல்பாகப் பேசுங்கள்.

கடைசி டிரான்சிஸ்டருக்கு மட்டும் தனியாக 24 வோல்ட் கொடுத்துச் சக்தியை ஏற்றலாம். நான் அதற்கு அவசரப்பட மாட்டேன். ஹாம் உரிமம் வாங்கியவருக்கு இது நல்ல முதல் செட்; சுவிட்சைப் போட்டதும் பேச நினைப்பவருக்கு அல்ல.