உப்புக்காற்றில் ரேஸ் கார்: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

மிஸ்ஸிங் ஆகும் காரில் ஸ்கேனரைச் செருகி, திரையில் எந்த சென்சாரின் பெயர் வருகிறதோ அதை மாற்றுவது இன்று பல ஒர்க்‌ஷாப்களில் வழக்கம். கம்பெனி வயரிங்கோடு ஓடும் காருக்கு அது பெரும்பாலும் பலன் தரும். ரேசுக்காக மாற்றிக் கட்டிய கார், அதுவும் உப்பூர் போன்ற கடலோர ஊரில் நிற்கும் கார் என்றால், அந்த வழக்கம் பணத்தைத்தான் தின்னும். புளூடூத் ஸ்கேனர் ஒன்றையும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றையும் அப்படி ஒரு காரில் பயன்படுத்திப் பார்த்தபின் சொல்கிறேன்.

கார், நண்பர் ஒருவருடைய மாருதி எஸ்டீம். 1298 சிசி இன்ஜின். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இந்த மாடல் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பழைய இ.சி.யு.வை எடுத்துவிட்டு, நாமே டியூன் செய்யும் தனி இ.சி.யு. போட்டிருக்கிறார், வயரிங் முழுக்கக் கைவேலை. 5000 ஆர்பிஎம் தாண்டினால் மிஸ்ஸிங், கூடவே டாக்கோமீட்டர் முள் துள்ளும். சில காலைகளில் ஸ்டார்ட்டே ஆகாது. நண்பகலில் எதுவும் நடக்காததுபோல ஓடும்.

முதலில் ஸ்கேனர். சந்தையில் கிடைக்கும் மலிவான கருவிகள் ஈஎல்எம் 327 என்ற சிப்பின் நகல்கள். அசலைச் செய்த கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022-ல் மூடப்பட்டுவிட்டது. அட்டைப்பெட்டியில் ‘வெர்ஷன் 1.5’ என்றிருந்தால் அது நகல் என்று தெரிந்துகொள்ளுங்கள்; அந்த நிறுவனம் அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. ஓ.பி.டி.-2 கட்டாயமான 2013-க்குப் பிந்தைய கார்களில் இந்த நகல்கூட ஓரளவு உதவும். இந்த எஸ்டீமில் அதற்கு வேலையே இல்லை. இ.சி.யு.வை லேப்டாப்பில் இணைத்துப் பதிவைப் பார்த்தோம். கிராங்க் சென்சார் சிக்னல் இடையிடையே அறுந்தது. புது சென்சார் போட்டும் அதே மிஸ்ஸிங். சிக்னல் கெட்டிருக்கிறது என்பதைத்தான் பதிவு காட்டும்; எதனால் கெட்டது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

மல்டிமீட்டர் கைக்கு வந்தபின் கதை மாறியது. பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. பேட்டரியைக் கழற்றி எர்த் கேபிளை ஓம் வைத்துப் பார்த்தாலும் நல்ல கேபிள் போலவே காட்டியது. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். உள்ளே ஒரே ஒரு செம்பு இழை அறாமல் இருந்தாலும் மீட்டர் அனுப்பும் துளி மின்சாரம் தடையில்லாமல் போய்விடும். பம்ப்பும் ஃபேனும் காயிலும் சேர்ந்து இழுக்கும் கரண்ட்டை அந்த ஒற்றை இழை தாங்காது. அதனால் இன்ஜினை ஓடவிட்டு, லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இந்தக் காரில் 0.7 காட்டியது. கேபிள் முனையின் உறையைக் கீறினால் உள்ளே பச்சைக் களிம்பு. காயில் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் எர்த் ஆடியது. அதோடு சேர்ந்து சென்சார் சிக்னலும் ஆடியது. கேபிளை மாற்றியதும் உயர் வேக மிஸ்ஸிங் போய்விட்டது.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கனெக்டரில் படிந்த உப்பு மின்சாரத்தைக் கசியவிடும். வெயில் ஏறிக் காய்ந்ததும் கசிவு நிற்கும். உப்பளம் இருக்கும் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்தக் கரையோரத்தில் எலக்ட்ரிக்கல் கோளாறைத் தேட வேண்டிய நேரம் விடியற்காலை. வயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே உப்பு உள்ளே போய்விடும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய பின்னைச் செருகி அளங்கள். மீட்டரின் சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியில் வைத்தால் ஷார்ட் ஆகும். இதில் கவனம் தேவை.

மல்டிமீட்டரால் முடியாததும் உண்டு. நொடிக்கு நூற்றுக்கணக்கில் வரும் சிக்னல் துடிப்புகளில் ஒன்று தவறினால் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும். டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவர்கள் கையடக்க ஆசிலாஸ்கோப் வாங்குவது வீண்செலவு ஆகாது.

என் தீர்ப்பு: முதலில், குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிவு செய்யும் மல்டிமீட்டர். அடுத்து ஆசிலாஸ்கோப். காரில் ஓ.பி.டி.-2 இருந்தால் மட்டும் ஸ்கேனர். மாற்றும் கேபிள்களை வெள்ளீயம் பூசிய செம்பில் வாங்குங்கள், முனைகளைப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். எர்த்தை லோடில் அளக்காமல் எந்த சென்சாரையும் மாற்றாதீர்கள்.