உப்பளத்துப் பெண்ணின் வருமானம்: ‘கரிப்பு மணிகள்’ வழியே ஜீவனாம்ச விவாதம்

தமிழ்ச் சூழலில் பெண்ணியத்தின்மீது வைக்கப்படும் விமரிசனங்களுள் இரண்டு அடிக்கடி எதிர்ப்படுகின்றன. பெண்ணியம் படித்த நகர வகுப்பினரின் குரல் என்பது ஒன்று. சம்பாதிக்கும் மனைவிக்கும் கணவன் ஜீவனாம்சம் தரவேண்டும் என்பது அநீதி என்பது மற்றொன்று. இவற்றை மரக்காணம் உப்பளத்தை முன்னிறுத்திச் சோதிக்க முயல்கிறது இக்கட்டுரை. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) தூத்துக்குடி அளங்களைக் களமாகக் கொண்டதாயினும், உழைப்பின் தன்மை இரு கரைகளிலும் ஒன்றே என்பதால் அப்புதினம் இங்குத் துணையாகிறது.

முதல் விமரிசனத்தில் பாதி உண்மை உண்டு. 1929 செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானம், 1989 தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், 2005 நடுவண் திருத்தம் என்று பெண்ணுரிமை வரலாற்றை எழுதும்போது சொத்துரிமையையே முதுகெலும்பாக்குகிறோம். அளத்தில் கூலி வேலை செய்பவரின் மகள் எதில் பங்கு கேட்பாள்? அளம் அவள் தந்தையுடையதன்று. ‘கரிப்பு மணிகள்’ இவ்வினாவை எழுப்பக்கூடிய புதினம். நம் திறனாய்வோ அதைத் தொழிலாளர் நாவல் என்னும் அடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்தது. பொன்னாச்சி தம்பியோடு அளத்துக்குச் செல்லும்போது வீட்டின் நெருக்கடியும் அளத்தின் அதிகாரமும் அவள் ஒருத்தியின்மீதே வந்து விழுகின்றன. சம ஊதியச் சட்டம் (1976) வந்து மூன்றாண்டுகளில் எழுதப்பட்ட இதனைக் குடும்ப நாவலாகவும் வாசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் விமரிசனத்துக்கு வருவோம். ‘சம்பாதிக்கும் மனைவி’ யார்? மரக்காணத்தில் ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மேட்டில் குவிக்கின்றனர். கோடையில் அவளுக்குக் கூலி உண்டு. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்க, கூலியும் நின்றுவிடும். ஆக, அவள் மே மாதத்தில் சம்பாதிப்பவள், நவம்பரில் வருமானமற்றவள். (அகநானூறு 140ஆம் பாடலில் உமணர் மகள் உப்பின் விலையைத் தானே கூவிச் சொல்கிறாள். அவளைப் பொற்காலத்தின் சான்றாக்க வேண்டியதில்லை. விலை சொன்னவள் அவள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.)

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், மனைவி சம்பாதிப்பது மட்டுமே ஜீவனாம்சத்துக்குத் தடையாகாது என்றது. இருதரப்பும் சொத்து, கடன், வருமானம் குறித்துப் பிரமாண வாக்குமூலம் அளிக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கும் நிரந்தரமற்ற கூலித் தொழிலாளருக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தது. இரக்கத்தில் பிறந்த விலக்குதான். எனினும், உப்பளத் தம்பதியர் இருவரின் வருமானமும் இதனால் நீதிபதியின் ஊகத்துக்கு விடப்படுகிறது.

சட்டமோ தொகையை மாதக் கணக்கில் நிர்ணயிக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியுள்ளது. மாதக் கணக்கு மாறவில்லை. போதிய காரணமின்றித் தொகை செலுத்தத் தவறும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. கூலியற்ற மழை மாதத்துக் கணவனின் நிலையைக் கேட்கும் எதிர்ப்பாளரின் கேள்வி இங்கு வெறும் வாதமன்று. ஆனால் அதே மாதத்தில் அவளும் கூலியற்றவள். கையில் குழந்தைகளும் உண்டு. அக்கேள்வியை எழுப்புவோர் இதனைச் சொல்வதில்லை.

ஆட்சித்துறை இந்தப் பருவத்தை அறியாததன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உற்பத்தி நிற்பதைக் கருதி உப்பளத் தொழிலாளருக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. குடும்பச் சட்ட விவாதத்தில் மட்டும் இப்பருவம் இடம்பெறவில்லை. ஜீவனாம்சத்தை ஆண்டுக் கூலியின் அடிப்படையில் கணக்கிட்டு, உற்பத்திக் காலத்தில் மிகுத்தும் மழைக்காலத்தில் குறைத்தும் பெறும் முறையைப் பெண்ணியத் திறனாய்வு கேட்கவேண்டும். அதைக் கேட்காதவரை, அளத்துப் பெண்ணைப் பற்றிப் பேசும் இடத்தை எதிர்ப்பாளர்களுக்கே விட்டுக்கொடுத்தவர்களாகிறோம். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் நீதிமன்றத்துக்குச் செல்லும் பெண்ணின் மனு மே மாதத்தில் எண்ணிடப்பட்டதா, நவம்பரிலா என்பதைப் பொறுத்து அவள் ‘தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாதவள்’ ஆவதும் ஆகாததும் இப்போது அமைகிறது.